முதுமைக்கு உகந்த உறைவிடம் எது?

ஸ்ரீ:

சேலத்து வெயிலிலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வந்த தங்களுக்கு இக்குளிர்ந்த காற்றே ஒரு பிரசாதமாகத் தோன்றும். "ஸ்வாமி, இங்கேயே வாசம் செய்யும் தாங்கள் பாக்கியசாலி" என்று ஆண்டுதோறும் யாரேனும் சொல்லாமல் போவதில்லை. அவ்வாறு சொல்பவர்கள் அறியாத செய்தி ஒன்று உண்டு. இம்மலையில் உழைத்து முதிர்ந்தவர்களில் பலருக்கு, உத்தியோகம் முடிந்ததும் கீழே இறங்கி, வெதுவெதுப்பான கடற்கரைப் பட்டணம் ஒன்றில் எஞ்சிய நாட்களைக் கழிக்க வேண்டும் என்பதே உள்ளத்து ஆசை. ஐம்பது வயதைக் கடந்துவிட்ட அடியேனுக்கும் அவ்வாசை உண்டு. அது தகுமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஏற்காடு கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் இங்கே வெப்பம் சுமார் 13 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்நாட்களில் சென்னையிலோ அது 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். நிலம் விரைவில் சூடேறி விரைவில் குளிர்வது. கடல்நீரோ மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்வது. ஆகவே கடலருகே உள்ள ஊருக்குக் கடுங்குளிர் என்பதே இல்லை. இங்கு திருமஞ்சனத்துக்குத் தீர்த்தம் எடுக்கையில் விரல்கள் மரத்துப் போகின்றன. தரையில் விழுந்து ஸேவித்தால் எழுந்திருக்க முழங்கால் மறுக்கிறது. பட்டணத்திலோ நடக்கச் சமதரை, வைத்தியர் அருகில், பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் அங்கே. "அப்பா, இன்னும் எத்தனை மார்கழி?" என்று அடியேனுடைய குமாரன் தொலைபேசியில் கேட்கும்போது பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறேன்.

ஆயினும் ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இம்மலையில் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். அதன்பின் வந்த வெள்ளையர்கள் கீழ்நாட்டு வெம்மைக்கு அஞ்சி இங்கே பங்களாக்கள் அமைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வெகுகாலம் முன்னரே வந்த மலையாளி என்னும் பழங்குடி மக்களும் தங்கள் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து வந்ததாகவே பரம்பரையாகச் சொல்வர். கீழே இருந்தவர் மேலே ஏறினர். மேலே இருப்பவர் கீழே இறங்க விரும்புகிறோம். வெயிலில் இருப்பவனுக்கு நிழல் இனிது. நிழலில் இருப்பவனுக்கு வெயில் இனிது. கடற்கரையும் கவலையற்ற இடம் அன்று. 2004 டிஸம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையையும், 2015 டிஸம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்ததையும் நாம் மறக்கவில்லை. சித்திரை வைகாசியில் அங்கே இருப்பவர்கள் இம்மலையை நோக்கி ஓடி வருவதும் கண்கூடு.

சாஸ்திரம் என்ன சொல்கிறது? தலை நரைத்து, பேரனையும் கண்டபின் கிருஹஸ்தன் வனத்தை நாடுக என்று மனு விதித்தார். அது சுகத்தைத் தேடிய பயணம் அன்று; பற்றைக் குறைக்கும் பயணம். ஆனால் அந்த ஆசிரமத்தைக் கலியுகத்தில் எல்லோருக்கும் ஆகாது என்று விலக்கிய பெரியோர்களும் உண்டு. தர்மத்தைச் செய்வதற்குச் சரீரமே கருவி. கருவி பழுதாகும்போது அதைப் பேணுவதில் குற்றமில்லை. முதிர்ந்த பெற்றோரை வெம்மையான இடத்தில் வைத்துக் காப்பது பிள்ளைகளின் கடமையும் ஆகும். ஆகவே போவது பாபம் என்று சொல்ல அடியேன் துணியேன்.

இவ்விடத்தில் நம் சம்பிரதாயத்தில் பெரியோர் வழங்கிவரும் வரலாறு ஒன்று நினைவுக்கு வருகிறது. எம்பெருமானார் திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் அருளிச்செய்கையில், "திருவேங்கட மலைக்குச் சென்று புஷ்ப கைங்கர்யம் செய்வார் உண்டோ?" என்று வினவினார். மலைக் குளிரை நினைத்து கோஷ்டியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அனந்தாழ்வான் ஒருவரே எழுந்து நின்றார். அவர் தம் தேவிகளோடு திருமலையில் நந்தவனம் அமைத்து, ஏரியும் வெட்டினார். அவர் கைக்கொண்ட கடப்பாரை இன்றும் திருமலைக் கோயில் வாசலில் தொங்குவதைக் காணலாம். ஆனால் பேசாதிருந்தவர்களை எம்பெருமானார் கைவிட்டாரில்லை. அவர்களும் அரங்கனுக்கே கைங்கர்யம் செய்துகொண்டிருந்தார்கள். குளிருக்கு அஞ்சியது அவர்களுக்குக் குறையானாலும் தொண்டை அவர்கள் விடவில்லை.

அவ்வாசார்யர் தம் இறுதிக் காலத்தில் சிஷ்யர்களுக்கு அருளிய வார்த்தைகளிலும் இதுவே விளங்கும். ஸ்ரீபாஷ்யத்தைக் கற்றுக் கற்பிப்பது, ஆழ்வார்களின் அருளிச்செயலை ஓதுவது, திவ்யதேசங்களில் தொண்டு செய்வது, திருநாராயணபுரத்தில் ஒரு குடில் கட்டி வசிப்பது, த்வயத்தின் பொருளைச் சிந்திப்பது, ஒரு பாகவதனின் அபிமானத்தில் ஒதுங்குவது என்று, அவரவர் சக்திக்கு ஏற்றபடி வழி காட்டினார். வசிப்பதற்கு ஓர் ஊரையும் சொன்னார். ஆனால் அங்கே குளிரா வெயிலா என்று சொல்லவில்லை.

அடியேனுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இம்மலையிலிருந்து சென்னைக்குக் குடிபோனார். முதல் ஆண்டில் மூட்டு வலி தீர்ந்தது என்று மகிழ்ந்தார். இரண்டாம் ஆண்டில், "காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இல்லை, ஸ்வாமி" என்று எழுதினார். மூன்றாம் ஆண்டில் அவர் பக்கத்துக் கோயிலில் காலை கோஷ்டியில் சேர்ந்தார். நந்தவனத்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடவும் தொடங்கினார். இப்போது அவர் கடிதத்தில் மூட்டைப் பற்றியும் இல்லை, கடற்காற்றைப் பற்றியும் இல்லை. இவ்வாண்டு பூத்த நந்தியாவட்டையைப் பற்றியே இருக்கிறது. கடற்கரை அவருடைய உடலுக்கு இதம் தந்தது. உள்ளத்துக்கு இதம் தந்தது தொண்டு.

அக்கடற்கரையிலேயே, திருவல்லிக்கேணியில், பார்த்தஸாரதி எழுந்தருளியிருக்கிறார். குளிரும் வெம்மையும் வருவன, போவன. அவற்றைப் பொறுத்துக்கொள் என்று அர்ஜுனனுக்கு உபதேசித்தவர் அவரே. உத்ஸவரின் திருமுகத்தில் பீஷ்மருடைய அம்புகள் பட்ட தழும்புகளை இன்றும் ஸேவிக்கலாம். பொறுத்துக்கொள் என்று சொன்னவர் தாமும் பொறுத்தவர்.

எனவே, இடம் மாற எண்ணும் பெரியோர்கள் இரண்டு வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நலம். நான் விட்டுச் செல்லும் பணியை ஏற்க ஒருவர் உண்டா? போகும் இடத்தில் நான் ஏற்கும் பணி எது? இரண்டுக்கும் விடை இருந்தால் மகிழ்ந்து செல்லலாம். பெற்றோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகளும் அவர்களுக்கு ஓர் அறை கொடுத்ததோடு நில்லாமல், ஒரு வேலையும் கொடுக்க வேண்டும்.

அடியேனிடம் ஆராதன க்ரமம் கற்றுவரும் சிறுவன் தேற இன்னும் இரண்டு ஆண்டுகளாவது வேண்டும். "விளக்கை ஏற்றுக்கொள்ள அவன் வரட்டும், பிறகு வருகிறேன்" என்று குமாரனிடம் சொல்லியிருக்கிறேன். போகும்போது, குளிருக்கு அஞ்சிப் போகவில்லை என்று சொல்லும் துணிவு அடியேனுக்கு இராது. கைகள் அங்கேயும் சும்மா இராமல் இருக்க அவனே அருள் புரிய வேண்டும்.

சுபமஸ்து.