நிர்மாலியம் களைவோம்



அதிகாலையில் ஆலயத்தின் நடை திறந்ததும் குருக்கள் ஐயா முதலில் என்ன செய்கிறார் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அபிஷேகத்துக்கும் அலங்காரத்துக்கும் முன்பாக, முதல் நாள் சாத்திய பூவையும் மாலையையும் களைந்து எடுக்கிறார். அதற்கு நிர்மாலியம் என்று பெயர். நேற்று அம்பாளின் திருமேனியிலே மணம் வீசிய பூத்தான் அது. ஆயினும் இன்று அது வாடிவிட்டது. அதை எடுக்காமல் அதன் மேலே இன்றைய பூவைச் சாத்தும் வழக்கம் எந்த ஆலயத்திலும் இல்லை.

இந்த ஒரு சிறு வழக்கத்தை எமது வீட்டுக்குக் கொண்டு போக முடியுமா என்பதையே இந்த மலரிலே உங்களோடு சிந்திக்க விரும்புகின்றேன். எமது வீடுகளில் நேற்றைய பூ எடுக்கப்படுவதில்லை. நேற்றைய பத்திரிகையின் மேல் இன்றைய பத்திரிகை விழுகிறது. உடைந்த கதிரையின் மேல் கிழிந்த பாய் ஏறுகிறது. போன தீபாவளிக்கு எடுத்த உடுப்பு அலுமாரியில் இருக்க, இந்தத் தீபாவளிக்கு எடுத்ததை வைக்க இடமில்லாமல் இன்னோர் அலுமாரி வாங்குகின்றோம். கடைசியில் வீட்டில் மனிதர் இருக்கும் இடம் சுருங்கி, சாமான் இருக்கும் இடம் பெருகிவிடுகிறது.

துப்புரவு செய்வது ஏதோ சிறிய வேலை என்று எண்ணிவிட வேண்டாம். பெரியபுராணத்திலே திலகவதியார் என்ற அம்மையாரைச் சேக்கிழார் சுவாமிகள் எமக்குக் காட்டுகின்றார். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்திலே மாண்டார். தாய் தந்தையரும் இல்லை. தம்பி மருணீக்கியாரோ சமண சமயம் சார்ந்து தருமசேனர் ஆகிவிட்டார். அந்த அம்மையார் யாரோடும் வாதாடவில்லை. திருவதிகை வீரட்டானத்திலே நாள்தோறும் திருவலகிட்டுக் கூட்டினார், சாணம் கொண்டு மெழுகினார், பூமாலை தொடுத்தார். சூலை நோயால் வருந்திய தம்பி திரும்பி வந்தபோது திருநீறு கொடுத்து, விடிவதற்கு முன்னே தாம் கோயில் கூட்டப் போகும் வேளையிலே அவரையும் அழைத்துச் சென்றார். அப்படி அந்தக் கோயிலுக்குள் போனவர்தான் திருநாவுக்கரசராக வெளியே வந்தார்.

அதன் பின்னர் நாவுக்கரசர் பெருமான் தம் வாழ்நாள் முழுவதும் கையிலே உழவாரப் படையைச் சுமந்தார். கோயில் வீதிகளில் முளைத்த புல்லைச் செதுக்கினார். இதை ஆண்பிள்ளைகள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். திருவிழாவுக்கு முன்பு ஆலயத்தில் சிரமதானம் என்றால் எமது இளைஞர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்கின்றார்கள். அது பெருமைக்குரியது. அதே பிள்ளை வீட்டில் தான் தேநீர் குடித்த கோப்பையை எடுத்துக் குசினியில் வைப்பதில்லை. கோயிலில் புண்ணியமாகத் தெரியும் அதே வேலை வீட்டிலே அம்மாவின் வேலையாகவும் அக்காவின் வேலையாகவும் ஆகிவிடுகிறது. அப்பர் சுவாமிகளின் அடியார் என்று சொல்லிக்கொள்பவருக்கு இது பொருந்துமா?

சரி, நாள்தோறும் என்ன செய்யலாம்? ஆலயத்தின் ஒழுங்கையே வழியாகக் கொள்வோம்.

முதலாவது, காலையில் களைதல். சுவாமி அறையில் நேற்றைய பூவையும் எரிந்த திரியையும் எடுத்துவிட்டுத்தான் விளக்கேற்றுகின்றோம். அதே கையோடு படுத்த பாயைச் சுருட்டுவதும், கட்டில் விரிப்பை ஒழுங்கு செய்வதும், இரவு வைத்த பாத்திரத்தைக் கழுவுவதும் நடந்துவிட வேண்டும். நேற்றையதை இன்றைக்குள் கொண்டு வராத வீட்டிலே காலைப்பொழுது அமைதியாகத் தொடங்கும்.

இரண்டாவது, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். மணி, பஞ்சபாத்திரம், தீபத்தட்டு, விபூதித் தட்டு எல்லாம் கருவறையிலே எங்கே இருக்கின்றன என்று குருக்கள் ஐயா தேடுவதில்லை. கை நீட்டினால் கிடைக்கும். எமது வீட்டிலோ திறப்பைத் தேடுகின்றோம், கிளினிக் அட்டையைத் தேடுகின்றோம், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும் நாளில் பிறப்புச் சான்றிதழைத் தேடுகின்றோம். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் திகதி கடல் எழுந்து வந்தபோது எமது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. உயிர் தப்பியவர்களிலும் அடையாள அட்டையும் காணி உறுதியும் சான்றிதழும் இழந்து, பின்னர் அலுவலகங்களில் அலைந்து நின்றவர்கள் எத்தனை பேர்! ஆகவே முக்கியமான கடதாசிகள் எல்லாவற்றையும் நீர் புகாத ஒரே பையில் இட்டு, வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்த ஓர் இடத்தில் வையுங்கள். அவசரத்தில் உயிரைக் காப்பதே முதல் வேலை. அந்த வேளையிலே தேடி நிற்க நேரம் இராது.

மூன்றாவது, விளக்கு வைக்கும் முன் ஒதுக்குதல். பொழுது படும் நேரத்தில் வாசல் கூட்டி, பிறகே விளக்கு வைக்க வேண்டும் என்பது எம் பாட்டிமார் வழக்கம். விளக்கு வைத்த பின் கூட்டக் கூடாது என்றும் சொல்வார்கள். அந்தக் கட்டுப்பாட்டினால் அந்த நேரத்துக்குள் வீடு ஒதுங்கிவிடும். அதை இப்போதும் செய்யலாம். மாலையில் பத்து நிமிடம் வீட்டிலுள்ள எல்லோரும் எழுந்து, தான் எடுத்ததைத் தானே இருந்த இடத்தில் வைக்கட்டும். நடக்கத் தெரிந்த குழந்தைக்குக் கூடத் தன் விளையாட்டுச் சாமானைப் பெட்டியிலே போடத் தெரியும்.

நான்காவது, வெள்ளிக்கிழமை வளவுத் துப்புரவு. வெள்ளிக்கிழமைகளில் வீட்டைக் கழுவித் துடைப்பவர்கள் பலர். முன்பக்கம் கோலம் இருக்கும். பின்பக்கம் போய்ப் பாருங்கள். எமது பகுதியின் தயிர் பேர் போனது. தயிர் முடிந்தாலும் சட்டி போவதில்லை. குசினிக்குப் பின்னே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். அதோடு சிரட்டை, தகரப் பேணி, யோகட் கோப்பை, பழைய ரயர். மாரி மழை பெய்ததும் இவை எல்லாம் டெங்கு நுளம்பின் தொட்டிலாகிவிடும். 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. 400 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை அடைய ஏறத்தாழ 7 தொடக்கம் 10 நாட்கள் எடுக்கும். வெள்ளிக்கு வெள்ளி ஒவ்வொரு சட்டியையும் கவிழ்த்துவிடுகின்ற வளவிலே அது வளர வழியில்லை. தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்து, பல மாதம் காய்ந்து கிடந்தாலும் மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஆகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். வேண்டாத சட்டியை அகற்றிவிட வேண்டும்.

ஐந்தாவது, நல்ல நிலையில் இருக்கும்போதே கொடுத்தல். ஆலயத்தில் படைத்த பொங்கலை நாம் சேமித்து வைப்பதில்லை. சூடு ஆறுவதற்கு முன்பே பகிர்ந்துவிடுகின்றோம். உடுப்பும் அப்படியே. அளவு போதாமற்போன பிள்ளையின் சட்டை இன்று இன்னொரு பிள்ளைக்குப் பயன்படும். ஐந்து வருடம் பெட்டியில் கிடந்து பூச்சி அரித்த பின் கொடுத்தால் அதைத் தானம் என்று சொல்ல முடியாது. ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டு நாகப்பட்டினக் கரையோரத்தில், நிவாரணமாக வந்த துணிகளில் உடுக்க உதவாதவை வீதியோரம் குவிந்து கிடந்தன. வீட்டில் இடத்தை அடைத்த பழசு அங்கே வீதியை அடைத்தது. ஆகவே புதிதாக ஓர் உடுப்பு வீட்டுக்குள் வரும் நாளிலேயே, இன்னும் நன்றாக உள்ள ஒன்றைக் கழுவி மடித்து, தேவைப்படுபவருக்கு மரியாதையோடு கொடுங்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். எல்லாவற்றையும் களைந்துவிட்டால் எதைத்தான் வைத்திருப்பது? அதற்கும் ஆலயமே விடை தருகிறது. வைகாசித் திங்களில் எமது கரையோரக் கண்ணகை அம்மன் ஆலயங்களில் திருக்கதவு திறந்து சடங்கு நடக்கும் நாட்களில் வழக்குரை படிக்கின்றார்கள் அல்லவா? பூவை நாள்தோறும் களைந்த எம் முன்னோர், அந்த ஏட்டைப் பட்டுத் துணியில் சுற்றித் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். கடலோடு போன பிள்ளையின் ஒரு சட்டையை ஒரு தாய் மடித்து வைத்திருந்தால் அதைக் குப்பை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அது அந்த வீட்டின் ஏடு. அதற்கு நல்ல இடம் கொடுங்கள். நூறு வேண்டாப் பொருளுக்கு அடியிலே அது நசுங்கிக் கிடக்க விடாதீர்கள்.

களைந்தது எங்கே போகிறது என்பதையும் எண்ண வேண்டும். படலைக்கு வெளியே வாய்க்காலில் வீசிய பொலித்தீன் பை மழைக்கு எம் வாசலுக்கே திரும்பி வரும். எமது மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பைமேட்டில், உணவு தேடி வந்த யானைகள் பொலித்தீனையும் பிளாஸ்ரிக்கையும் விழுங்கி இறந்தன. 2022 ஆம் ஆண்டு தை மாதம் வரையான 8 ஆண்டுகளில் அப்படி இறந்தவை ஏறத்தாழ 20 என்று செய்திகள் கூறின. எந்தக் காரியம் தொடங்கினாலும் யானைமுகப் பெருமானை வணங்குபவர்கள் நாங்கள். சாப்பாட்டு மிச்சம் ஒட்டிய பையை முடிந்து வீசும்போது அந்த முகத்தை நினைக்க வேண்டும். மக்கும் குப்பை வளவிலே பசளையாகட்டும். மக்காதது கழுவித் தனியே சேரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைக்குப் போகும்போது ஒரு துணிப்பை கையில் இருக்கட்டும். வீட்டுக்குள் வராத குப்பையைக் களைய வேண்டியதில்லை.

சுத்தம் பேணுவதில் எம் அயலவரோடும் நாம் ஒன்றுபட்டவர்களே. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எம்மைச் சூழ வாழும் முஸ்லிம் சகோதரர்கள் தூய்மையை ஈமானின் ஒரு பாதியாகவே கொள்கின்றார்கள். ஐவேளைத் தொழுகைக்கு முன்னும் உளூச் செய்து கொள்கின்றார்கள். நுளம்புக்கு இந்து வளவு, முஸ்லிம் வளவு என்ற வேறுபாடு கிடையாது. இரு சாராரும் தத்தம் வேலியின் இரு பக்கத்தையும் கூட்டினால் ஊர் முழுவதும் துப்புரவாகும்.

இன்னொன்றும் உண்டு. எமது பகுதியில், இந்துக்களிடமும் முஸ்லிம்களிடமும், வீடு பெண்பிள்ளைக்கே போகிறது. கடன் பட்டும், வெளிநாடு போய் உழைத்தும், மகளுக்கென்று ஒரு வீட்டைக் கட்டிக் கொடுக்கின்றோம். சுவரோடும் கூரையோடும் சேர்த்து அந்த வீட்டின் பழக்கத்தையும் அவளுக்கே கொடுக்கின்றோம் என்பதை மறந்துவிடக் கூடாது. அடைசலைக் கொடுத்தால் அவள் அடைசலில் வாழ்வாள். ஒழுங்கைக் கொடுத்தால் அவள் தன் பிள்ளைக்கும் அதையே கொடுப்பாள்.

சிவாலயத்திலிருந்து வெளியேறும்போது சண்டேசுவரர் சந்நிதியில் நின்று, எதையும் எடுத்துப் போகவில்லை என்று வெறுங்கையைக் காட்டுகின்றோம். உலகை விட்டுப் போகும்போதும் அப்படித்தான் போக வேண்டியிருக்கிறது. ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலமும் உயிரை மூடியிருப்பதாக எம் சைவ சித்தாந்தம் கூறும். அவற்றை நீக்குவது இறைவன் அருளால் ஆவது. ஆயினும், வேண்டாத ஒரு சட்டியைக் கூட விட மனம் வராத ஒருவர், மனத்தின் உள்ளே கிடக்கும் பழைய கோபத்தையும் பகையையும் எப்படி விடப் பழகுவார்? கையால் விட்டுப் பழகினால் மனத்தாலும் விட வரும்.

காரைதீவிலே 1892 இல் அவதரித்த சுவாமி விபுலானந்தர், ஈசன் விரும்பும் மலர்கள் எவை என்று பாடும்போது, உள்ளத்தையும் கூப்பிய கைகளையும் நோக்கும் கண்களையும் மூன்று மலர்களாகக் கண்டார். அம்பாளைக் கண்ட கண், வீட்டில் விழுந்து கிடப்பதையும் காணட்டும். அம்பாளைக் கும்பிட்ட கை, அதைக் குனிந்து எடுக்கட்டும். உள்ளம் அதை வழிபாடாக ஏற்கட்டும்.

நாளைக் காலையில் சுவாமிப் படத்தின் நேற்றைய பூவை எடுக்கும்போது, வீட்டில் வேண்டாத இன்னொரு பொருளையும் சேர்த்து எடுங்கள். நாளுக்கு ஒன்று போதும். அடுத்த ஆண்டுத் திருவிழா வருவதற்குள் 365 ஆகிவிடும். அப்படி ஒழிந்த இடத்தில் எல்லாம் அம்பாள் வந்து அமர்ந்து, உங்கள் குடும்பங்களை நோய் நொடியின்றிக் காத்தருள்வாளாக.

சுபம்.