ஊரார் காது

ஆனைக்குட்டத்தில் ஒரு கல்யாணம். ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டிகள் பட்டப்பகலில் அதிர்ந்துகொண்டிருந்தன. அடுத்த தெருவில் ஒரு கிழவி சாகக் கிடந்தாள். சேதி கேட்ட மைக் செட்டுக்காரர் தாமாகவே ஓசையைத் தணித்துவிட்டார். இசைத்தட்டுக் காலத்தில் சைக்கிளில் குழாயைக் கட்டிக்கொண்டு தொழிலுக்கு வந்தவர் அவர். கல்யாண வீட்டார் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அநியாயமா? பேசிய பேச்சுப்படி இல்லை. தம் வீட்டுச் சந்தோஷம் ஊருக்கெல்லாம் கேட்கவேண்டும் என்றுதானே பணம் கொடுத்தார்கள்! ஆனால், ஊரார் காதையும் சேர்த்தா விலை பேசினார்கள்? இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியை 2000ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. 2005இல் உச்சநீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. குடியிருப்புகளில் பகலுக்கு 55 டெசிபல் என்று அளவு உண்டுதான். கல்யாணப் பந்தலில் எவர் அளந்தார்?

"தருமம் பார்த்தீர்கள், நஷ்டந்தானே?" என்றேன்.

"தருமமா? நாளைக்குக் கிழவி வீட்டுக்கும் நான்தானே செட்டுக் கட்டணும், அண்ணாச்சி!"