வாத்ஸல்யம் என்னும் சொல்

குற்றத்தையும் குணமாகக் காணும் அன்புக்கு வைணவப் பெரியோர் வழங்கிய பெயர் வாத்ஸல்யம். எம்பெருமானின் திருக்குணங்களுள் ஒன்றான இதன் பெயர் பிறந்த இடமோ மாட்டுத் தொழுவம்!

வடமொழியில் 'வத்ஸம்' என்பது கன்று. கன்றைப் போல் விரும்பப்படுவதில் அன்புடையவரைக் குறிக்கும் 'வத்ஸல' என்னும் சொல்லுக்குப் பாணினியின் இலக்கணத்திலேயே விதி உண்டு. அவ்வன்பின் தன்மையே வாத்ஸல்யம்.

கன்று பிறந்து விழும்போது அதன் உடல் முழுதும் வழும்பு. பிறர் தொடவும் கூசுவர். மிதிபட்ட புல்லை மோந்து பார்த்து ஒதுக்கும் பசு, அந்த வழும்பை மட்டும் விருப்பத்தோடு நக்கி உண்கிறது. உண்ண உண்ணக் கன்று தூய்மை பெறுகிறது. அழுக்கை விரும்பிய பசு அழுக்கை விட்டுவைக்கவில்லை என்பது கருதத்தக்கது.

ஸ்ரீராமாநுஜர் சரணாகதி கத்யத்தில் இக்குணத்தையும் எடுத்தோதினார். பின்னர் இதன் பொருள் பற்றி ஆசார்யர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. அடியாரின் தோஷத்தையே போக்யமாகக் கொள்ளுகை என்றார் பிள்ளை லோகாசார்யர். தோஷத்தைக் காணாதிருக்கை என்பது ஸ்வாமி தேசிகன் வழியினர் கொள்கை. குற்றம் இனிக்கும் என்றால் மக்கள் குற்றம் செய்யத் துணியாரோ என்பது ஒரு சாராரின் கவலை. எல்லாம் அறிந்தவன் காணாதிருப்பது எங்ஙனம் என்பது மற்றவரின் வினா. இது வெறும் சொற்போர் அன்று. குற்றமுடையவன் திருமுன்பே செல்லத் துணியலாமா என்பதே இங்கு நிற்கும் கேள்வி.

இராமாயணத்தின் யுத்த காண்டத்தில் அக்கேள்வி கடற்கரையில் எழுந்தது. அடைக்கலம் வேண்டி வந்த விபீஷணனிடம் சுக்ரீவன் குற்றமே கண்டான். அனுமன் குற்றம் ஏதும் காணவில்லை. பெருமாளோ இருவர் சொல்லையும் கேட்டருளி, குற்றம் இருப்பினும் நண்பனாய் வந்தவனைக் கைவிடேன் என்றருளினார். விபீஷணன் நல்லவன் என்று மெய்ப்பித்த பிறகு பிறந்த அன்பு அன்று அது!

தத்வத்ரயத்தில் பிள்ளை லோகாசார்யர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். அன்று ஈன்ற கன்றின்மேல் வைத்த அன்பினால், பசு தன் முந்தைய கன்றையும், புல்லிட வந்தவரையுங்கூடக் கொம்பாலும் குளம்பாலும் விலக்குமாம். அவ்வாறே எம்பெருமானும், நித்யஸூரிகளையும் பெரிய பிராட்டியாரையுங்கூட விட்டு, அன்று வந்து சரணடைந்தவனிடம் அன்பு பூண்டு நிற்கிறான்.