பெட்டியில் கிடக்கும் பவுண்



ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் நகைக்கடை வாசலில் நின்று அன்றைய பவுண் விலையை விசாரித்துப் பெருமூச்சு விடாத தாய்மார் மிகச் சிலரே. இருப்பவர்கள், அன்றே இன்னும் ஒன்று வாங்கியிருக்கலாமே என்று வருந்துகின்றனர். இல்லாதவர்கள், இனி எந்தக் காலத்தில் வாங்கப் போகிறோம் என்று கலங்குகின்றனர். இதற்கிடையில் மனச்சாட்சியுள்ள சிலர் வேறொரு கேள்வியை எழுப்புகின்றனர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பவுண் சேர்த்துப் பெட்டியில் பூட்டி வைப்பது கிறிஸ்தவக் குடும்பத்துக்குத் தகுமா? அது விவேகமா, அன்றிப் பேராசையா? இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறிவிட முடியாது. சற்றுப் பொறுமையுடன் சிந்திப்போம்.

பவுண் என்பது யாது?

நாம் பவுண் என்று சொல்வது ஆங்கிலேயர் வெளியிட்ட ஒரு பவுண் தங்க நாணயத்தையே முதலில் குறித்தது. சவரன் என்றும் அதற்குப் பெயர். அதன் எடை 7.98 கிராம், தரம் 22 கரட், அதிலுள்ள தூய தங்கம் 7.32 கிராம். இன்று கடைக்காரர் ஒரு பவுணை 8 கிராம் என்று கணக்கிடுவது இந்த நாணயத்தின் எடையைக் கொண்டுதான். இலண்டனில் மட்டுமன்றி அவுஸ்திரேலியாவிலும் இந்நாணயங்கள் அடிக்கப்பட்டன. 1918ஆம் ஆண்டில் பம்பாயிலும் ஏறத்தாழ 13 இலட்சம் காசுகள் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்து அடிக்கப்பட்டன. விக்டோரியா அரசியின் தலையும் ஜோர்ஜ் மன்னரின் தலையும் கொண்ட காசுகளைக் கோத்துக் காசுமாலையாக அணிவது தமிழ் மக்களின் நெடுநாள் வழக்கம்.

இப்படிப்பட்ட பழைய காசு வீட்டில் இருந்தால் பெரும் விலை கிடைக்கும் என்று எண்ணுவோர் உளர். இதில் தெளிவு வேண்டும். காசின் விலை இருவகைப்படும். ஒன்று, அதிலுள்ள தங்கத்தின் விலை. மற்றது, கிடைத்தற்கரியது என்பதற்காக நாணயம் சேகரிப்போர் தரும் விலை. முன்னையதைத் தராசு சொல்லும். பின்னையதோ காசு அடித்த ஆண்டு, அடித்த இடம், தேய்மானம், வாங்க வருபவரின் ஆசை ஆகியவற்றைப் பொறுத்தது. கோத்து அணிந்து தேய்ந்துபோன காசை அடகுக்காரரிடம் கொடுத்தால் அவர் மன்னரின் முகத்தைப் பார்ப்பதில்லை. உரைத்துப் பார்த்து நிறுத்துப் பார்ப்பதோடு சரி. மண்ணுக்கடியில் கிடைத்த புராதனக் காசு என்று மஞ்சள் உலோகத்தைக் காட்டி ஏமாற்றும் பேர்வழிகளிடம் உழைத்த பணத்தைப் பறிகொடுக்காதிருக்க இந்த அறிவு போதும்.

அமெரிக்கர் கண்ட அனுபவம்

தங்கக் காசின் மீது மனிதர் வைக்கும் நம்பிக்கையைப் பற்றி அமெரிக்க நாட்டின் வரலாறு நல்ல பாடம் தருகின்றது. அங்கு 20 டொலர் பெறுமதியான பெரிய தங்க நாணயம் ஒன்று இருந்தது. 'இரட்டைக் கழுகு' என்பது அதன் பெயர். நம் பவுணைப் போல் நான்கு மடங்குக்கும் அதிகமான எடை கொண்டது. 1907இல் அதற்குப் புதிய வடிவம் கொடுத்தபோது, கடவுளில் நம்பிக்கை வைக்கிறோம் என்னும் பொருள்பட நாணயங்களில் பொறிக்கப்பட்டு வந்த வாசகத்தை ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் விட்டுவிடச் செய்தார். கடவுளின் திருப்பெயரைக் காசில் எழுதுவது அவமரியாதை என்பது அவர் கருத்து. மக்களோ இதனை ஏற்கவில்லை. 1908இல் காங்கிரஸ் சபை சட்டமியற்றி அவ்வாசகத்தை மீண்டும் பொறிக்கச் செய்தது. காசில் கடவுளின் பெயர் இருந்தது. ஆனால் மக்கள் நம்பியது பெயரையா, காசையா என்பது பின்னர் தெரிந்தது.

1933 ஏப்ரலில், பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஓர் ஆணை பிறப்பித்தார். மக்கள் தம்மிடமுள்ள தங்க நாணயங்களை வங்கியில் ஒப்படைக்க வேண்டும். ஒருவர் 100 டொலர் அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். சேகரிப்போரின் அரிய நாணயங்களுக்கும் விலக்கு உண்டு. ஒப்படைத்தவர்களுக்கு அவுன்ஸ் ஒன்றுக்கு 20.67 டொலர் வீதம் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அரசாங்கம் தங்கத்தின் விலையை 35 டொலராக உயர்த்தியது. சாதாரணமாகத் தங்கம் வைத்திருப்பதற்கு அங்கிருந்த தடை 1974ஆம் ஆண்டு முடிவில்தான் நீங்கியது. இந்தியாவிலும் 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நடைமுறையில் இருந்தது. ஆகவே, தங்கம் அழியாது என்பது உண்மையே. தங்கத்தை நம்பியவனுக்கு ஒருபோதும் நட்டம் வராது என்பது உண்மையன்று.

1933இல் அடித்த 445,500 இரட்டைக் கழுகுக் காசுகளில் ஏறக்குறைய அனைத்தும் உருக்கப்பட்டன. தப்பியவற்றுள் ஒன்று 2021இல் ஏலத்தில் ஏறத்தாழ 189 இலட்சம் டொலருக்கு விற்பனையாயிற்று. அதிலுள்ள தங்கமோ ஓர் அவுன்சுக்கும் குறைவு. எஞ்சிய விலை முழுவதும் எதன் விலை? பிறரிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது என்பதன் விலை. கலையையும் வரலாற்றையும் பேணுவது தீமையன்று. ஆயினும் இந்த ஆசைக்கு எல்லை இல்லை என்பதை அந்த ஒரு காசே காட்டிவிடுகின்றது.

மலையகத்தில் பவுணின் பொருள்

இனி நம் மலைகளுக்கு வருவோம். கோப்பிக் காலத்திலும், பின் தேயிலைக் காலத்திலும் மன்னார் வழியாக நடந்து வந்த நம் முன்னோர் கழுத்தில் பவுணோடு வரவில்லை. தலையில் கடனோடு வந்தனர். கங்காணியிடம் பெற்ற முற்பணம் தீர்ந்தாலன்றி வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி 'துண்டு' முறை அவர்களைக் கட்டிவைத்தது. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் குடியுரிமையை இழந்தனர். 1964இல் செய்த உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இங்கு குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. நாடற்றோர் நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சி இரவோடு இரவாக ஓடிய குடும்பங்கள் எத்தனை!

லயத்துக் காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். எந்நேரமும் கிளம்பு என்று சொல்லக்கூடிய ஒரு வாழ்வில், கையோடு எடுத்துச் செல்லக்கூடிய சொத்து எது? மனைவியின் காதிலும் கழுத்திலும் கிடந்த தங்கம் ஒன்றுதான். காணியுறுதி இல்லாதவனுக்கு அதுவே காணியுறுதி. 2022ஆம் ஆண்டிலும் இதைக் கண்டோம். ஆண்டின் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நம் நாணயம் மே மாதத்தில் 360 ரூபாவுக்கு வீழ்ந்தது. செப்டெம்பரில் கொழும்பு நகரின் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. வங்கிப் புத்தகத்தில் வைத்த பணம் கண்முன் கரைந்தது. அவசரத்துக்கு அரிசியும் மருந்தும் கொடுத்தது அடகு வைத்த தோடும் சங்கிலியுமே.

ஆகையால், கொழுந்து பறிக்கும் ஒரு தாய் சீட்டுப் பிடித்து அரைப் பவுண் வாங்குவதைப் பார்த்துப் பேராசை என்று பழிப்பவர், அவளுக்குச் சொந்த நிலம் ஏன் இல்லை என்று முதலில் கேட்கக் கடவர். தொழிலாளி தன் ஊதியத்தில் சிறிது மிச்சம் பிடித்துத் தனக்கெனச் சிறு உடைமை தேடிக்கொள்ளக்கூடிய அளவுக்குக் கூலி இருக்க வேண்டும் என்று பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் தம் சுற்றுமடலில் போதித்தார். சேமிப்பது அவனுடைய உரிமை என்பதே திருச்சபையின் போதனை.

இருவர், ஒரே காசு

லூக்கா நற்செய்தியில் இருவரைச் சந்திக்கிறோம். ஒருத்தி, பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்துவிட்ட பெண். அக்காசு ஏறக்குறைய ஒரு நாள் கூலி. விளக்கேற்றி வீடு முழுவதும் பெருக்கித் தேடுகிறாள். ஒரு காசுக்கு இத்தனை பாடா என்று ஆண்டவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பாவியைத் தேடும் இறைவனுக்கே அவளை உவமையாக்கினார். மற்றவன், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட செல்வன். அவனை அறிவிலி என்கிறது நற்செய்தி.

இருவரும் தத்தம் பொருளைக் காப்பவர்களே. வேறுபாடு எங்கே? காசு கிடைத்ததும் அப்பெண் அயலாரை அழைத்து மகிழ்கிறாள். அச்செல்வனோ தன் ஆன்மாவோடு மட்டும் பேசுகிறான். அவன் பேச்சில் மனைவியில்லை, பிள்ளையில்லை, வேலைக்காரனில்லை, அயலானில்லை. பொருளை ஈட்டி நிர்வகிக்கும் உரிமை தனிமனிதனுக்கு உண்டு, ஆனால் அதன் பயனைப் பொதுவானதாகக் கருதித் தேவையுள்ளவனோடு பகிர ஆயத்தமாயிருக்க வேண்டும் என்று புனித தோமஸ் அக்குவினாஸ் வகுத்ததும் இதையே. சேமிப்பில் பிறருக்கு இடமிருந்தால் அது விவேகம். பிறருக்கு இடமில்லாவிடில் அது பேராசை. இது கோடீசுவரனுக்கும் பொருந்தும், அரைப் பவுண்காரனுக்கும் பொருந்தும்.

நம் வீட்டுக் கணக்கு

இந்த அளவுகோலைக் கொண்டு நம் வீட்டுப் பவுணை நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது, அது யாருடைய பசியிலிருந்து வந்தது? பிள்ளைக்குப் பால்மாவும் முட்டையும் குறைத்து, பள்ளிக்கூடச் செலவைத் தள்ளிப்போட்டு வாங்கிய பவுண் சேமிப்பு ஆகாது. வளரும் பிள்ளையின் உடம்பும் படிப்பும் எந்தப் பவுணையும் விட மேலான முதலீடு.

இரண்டாவது, அது யாருக்குச் சொந்தம்? மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நகை அவளுடையது. விவாகமான பெண் தன் உடைமையைத் தானே வைத்திருக்கவும் விற்கவும் உரிமையுள்ளவள் என்று 1923ஆம் ஆண்டிலேயே இந்நாட்டுச் சட்டம் கூறிவிட்டது. அவளைக் கேளாமல் அதை எடுத்து அடகு வைத்துச் சாராயத்துக்கும் சூதுக்கும் செலவிடும் கணவன், குடும்பத் தலைவன் என்ற பெயரால் களவு செய்கிறான். இதை வெறும் குடும்பச் சச்சரவு என்று சொல்லி மூடிவிட முடியாது. அது ஏழாம் கட்டளைக்கு விரோதமான பாவம்.

மூன்றாவது, அது யாருடைய கட்டாயத்தினால் சேர்ந்தது? இத்தனை பவுண் போட்டால்தான் பெண்ணை எடுப்போம் என்று பேரம் பேசுகிறவர்கள், பெண் வீட்டாரை அடகுக்கடைக்கு அனுப்புகிறார்கள். பெற்றோர் மனமுவந்து மகளுக்குக் கொடுப்பது அன்பளிப்பு. கேட்டு வாங்குவது பறிப்பு. நம் இளைஞர்கள் இதைத் திருமண ஓலைக்கு முன்னரே சிந்திக்க வேண்டும்.

நான்காவது, அது மீளுமா? ஒரு இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 24 வீத வட்டிக்கு எடுத்ததாக வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 ரூபா வட்டி. மூன்று ஆண்டுகள் வட்டி மட்டும் கட்டினால் 72,000 ரூபா போய்விட்டிருக்கும்; முதல் அப்படியே நிற்கும். நகை இறுதியில் ஏலத்துக்குப் போகும். நோய்க்கோ படிப்புக்கோ அடகு வைப்பதில் வெட்கமில்லை. ஆனால் மீட்கும் நாளையும் வழியையும் நினையாமல், திருவிழாவுக்கும் புதுச் சேலைக்கும் அடகு வைப்பது, சேமித்த கையாலேயே சேமிப்பை அழிப்பதாகும். அவசியம் நேர்ந்தால் முதலில் வங்கியில் வட்டியை விசாரியுங்கள். ரசீதில் எடையும் கரட்டும் தவணையும் எழுதியிருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். சேமிப்பாகவே வாங்குவதானால், செய்கூலி மிகுந்த நகையைவிடச் சாதாரணக் காசில் நட்டம் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

சபையின் கடமை

அடகு பற்றித் திருச்சபைக்கு நீண்ட அனுபவம் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஏழைகள் கடும் வட்டியால் நசிந்தபோது, பிரான்சிஸ்கன் துறவிகளின் தூண்டுதலால் 1462இல் பெரூசியா நகரில் ஏழைகளுக்கான அடகு நிதி தொடங்கிற்று. 'இரக்கத்தின் குன்று' என்று பொருள்படும் பெயரால் இத்தகைய நிதிகள் நகரெங்கும் பரவின. சிறு பொருளை ஈடாக வாங்கி, நடத்தும் செலவுக்கு மட்டும் சிறு தொகை பெற்றுக் கடன் கொடுத்தன. அந்தச் சிறு தொகையும் வட்டியன்றோ என்று இறையியலார் வாதாடினர். 1515இல், 10ஆம் சிங்கராயர் காலத்தில், ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் அது தவறன்று என்று தீர்த்தது.

நம் குன்றுகளிலும் இது இயலாததா? ஒரு பங்கிலுள்ள பக்த சபையாரும் மாதர் சங்கத்தாரும் மாதம் ஒரு சிறு தொகை சேர்த்துப் பொது நிதி வைத்தால், ஓர் அயலாளின் தாலிச் சங்கிலியேனும் அடகுக்குப் போகாமல் தடுக்கலாம். 4ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோது, செல்வர் பூட்டி வைத்த மிகுதி இல்லாதவனுக்கு உரியது என்று புனித பசிலியார் இடித்துரைத்தார். நம்மில் பலருக்கு மிகுதி என்று பெரிதாக எதுவுமில்லை. ஆனால் நம்முள்ளும் ஊரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பணம் வந்து, பெட்டி நிறைந்த வீடுகள் இப்போது உண்டு. அடுத்த காம்பிராவில் ஒரு பிள்ளை பரீட்சைக் கட்டணம் இன்றி நிற்கையில் அவ்வீட்டுப் பவுண் உறங்குமானால், அப்புனிதரின் சொல் அவ்வீட்டையும் தொடும்.

ஆகவே வாசகர்களே, பவுண் சேர்க்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. உழைத்துச் சேர்த்ததைக் காப்பாற்றுங்கள். சொந்தக் காணிக்கும் வீட்டுறுதிக்கும் குரல் கொடுங்கள்; நிலம் உறுதியானால் தங்கத்தின் மீதான பயம் கலந்த பற்றும் தானே தளரும். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், இதில் என் வீட்டாருக்குப் பங்கு உண்டா, என் அயலானுக்கு இடம் உண்டா என்று கணவனும் மனைவியும் சேர்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். உண்டு என்று மனச்சாட்சி சொல்லுமானால், நிம்மதியாகப் பூட்டி வையுங்கள். இல்லை என்று சொல்லுமானால், அந்தப் பூட்டை இன்றே திறப்பது நலம்.