குங்கிலியமும் நுரையீரலும்

டெல்லி கரோல் பாக் வழியாக மெட்ரோவில் போகிறவர்கள் அங்கே நிற்கும் 108 அடி அனுமன் சிலையைப் பார்க்காமல் கடக்க முடியாது. மூச்சுக்கு அதிபதியான வாயுவின் மைந்தன். அருகே ஓடும் புசா ரோட்டில்தான் 1959இல் நேரு திறந்துவைத்த பி.எல். கபூர் மருத்துவமனை, இன்றைய பி.எல்.கே.-மேக்ஸ், இருக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பேர்போன இடம். ரத்தப் புற்றுநோயோடும் தலசீமியாவோடும் வருகிறவர்களுக்கு அண்ணனோ தங்கையோ முகம் தெரியாத யாரோ ஒருவரோ தந்த ஸ்டெம் செல்கள் அங்கே ஏற்றப்படுகின்றன.

பிழைத்து வீடு திரும்பியதும் குடும்பத்துக்கு நேர்த்திக்கடன் நினைவுக்கு வரும். ஆயுஷ்ய ஹோமம், சாம்பிராணி, கோயிலில் மாலை, அர்ச்சனை. மருத்துவர் விலக்கச் சொல்வதும் ஏறக்குறைய இவற்றையேதான்: புகை, தூசி, வாடிய பூ, நெரிசல். உயிரைத் திருப்பித் தந்த தெய்வத்தின் முன் அக்னி வளர்க்காமல் இருப்பது நன்றி மறந்த செயலா?

மருத்துவரின் பயத்துக்குக் காரணம் உண்டு. கொடையாளரின் செல்கள் உள்ளே குடியேறிப் புதிய நோய் எதிர்ப்பு ஆற்றலைக் கட்டுகின்றன. சிலருக்கு அந்த ஆற்றலே, வாழவந்த உடலை அந்நியமாக எண்ணித் தாக்கத் தொடங்கும். நுரையீரலைத் தாக்கினால் நுண்ணிய மூச்சுக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கும். பிராங்கியோலைட்டிஸ் ஆப்ளிடரன்ஸ் என்பார்கள். விழுந்த தழும்பு பெரும்பாலும் மறைவதில்லை. மூச்சிரைப்பு தெரிவதற்கு முன்பே குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை அதைக் காட்டிவிடலாம். தாக்குதலை அடக்கத் தரும் ஸ்டீராய்டு மருந்துகளோ எதிர்ப்பு ஆற்றலை மேலும் தணிக்கின்றன. அப்போது மண்ணிலும் தூசியிலும் அழுகும் பூவிலும் இருக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலில் வேர்விடலாம். இதற்கு மேல் டெல்லியின் குளிர்காலக் காற்று வேறு.

அக்னி வளர்க்காமல் இருப்பது நன்றி மறப்பதா என்ற கேள்விக்கு விடையாகப் பெரியபுராணத்தில் இரண்டு அடியார்கள் இருக்கிறார்கள். நெல் வாங்கக் கொண்டுபோன மனைவியின் தாலியைக் கொடுத்துக் குங்கிலிய மூட்டை வாங்கியவர் திருக்கடவூர்க் குங்கிலியக் கலயர். புகையே அவர் தொண்டு. திருநின்றவூர்ப் பூசலாரோ கல்லும் காசும் இல்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பினார். காஞ்சியில் பல்லவன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, பூசலாரின் கோயிலுக்குத்தான் இறைவன் போனான். சேக்கிழார் இருவரையுமே நாயன்மாராகப் பாடினார். கலயரைப் போற்றும் மரபே பூசலாருக்கும் இடம் தந்திருக்கிறது. புகை இல்லாத வழிபாட்டை அரைகுறை வழிபாடு என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வழிபாடா, மூச்சா என்ற கேள்வி பட்டாசு வழக்கிலும் எழுந்தது. 2015இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய தந்தையர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். மக்களின் உடல்நலத்துக்கும் உயிருக்கும் கேடு செய்யும் மத வழக்கம், அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவின் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்று 2018 அக்டோபரில் நீதிமன்றம் சொன்னது. சட்டம் சொல்வதற்கு முன்பே பக்தர்கள் சொல்லியிருக்க வேண்டியது இது. நெஞ்சுக்குள் போய்வரும் மூச்சைப் பிராணன் என்று வணங்கும் சமயம், அதைத் திணறடிப்பதைத் தொண்டு என்று எப்படி ஏற்கும்?

வீட்டில் மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்ற ஒருவர் இருந்தால், ஹோமத்தைக் கோயிலில் செய்யுங்கள். அவர் பெயரும் நட்சத்திரமும் சொல்லிச் சங்கல்பம் செய்துகொண்டால் போதும், அவர் நேரில் வர வேண்டாம். பூஜையறையில் ஊதுபத்தியை நிறுத்துங்கள். மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதியில், இருமல் இல்லாவிட்டாலும், ஊதும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.