பயங்கரவாதத்தின் வேர் எங்கே?



2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். வன்னியில் நாமும் அழுதோம். 1999 நவம்பரில் மடு மாதாவின் நிழலில் தஞ்சம் புகுந்தோர் மீது எறிகணை வீழ்ந்ததை நாம் மறக்கவில்லை.

பயங்கரவாதம் என்பது யாது? குற்றமற்றவரைக் கொன்று, எஞ்சியோரை அச்சத்தால் அடக்குவதே. அதை அரச படை செய்யினும், விடுதலை கோருவோர் செய்யினும் பாவம் பாவமே.

1956இன் மொழிச் சட்டமும் 1983 ஆடிக் கலவரமும் நம் பிள்ளைகளின் நெஞ்சில் கனல் மூட்டின. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதை அணைக்கவில்லை. ஆயினும் அநீதி மட்டுமே காரணமன்று. அநீதிக்குள்ளான எல்லோரும் குண்டெறிவதில்லை. 2001இல் நியூயோர்க்கைத் தாக்கியோருள் பல்கலைக்கழகம் கண்டோரும், 2019இல் குண்டு கட்டியோருள் செல்வந்தர் பிள்ளைகளும் இருந்தனர். 'அவன் மனிதனல்லன்' என்ற போதனை உள்ளத்தில் இறங்கும்போதே கை கொலைக்குத் துணிகிறது.

நம்மையும் ஆராய்வோம். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அன்று நம்மில் எத்தனை பேர் அழுதோம்?

ஆண்டவரைக் காக்கவே இராயப்பர் வாளெடுத்தார். ஆண்டவரோ வெட்டுண்ட காதைத் தொட்டுக் குணமாக்கினார். இன்றிரவு செபமாலையில், உங்கள் வீட்டு மரித்தோருடன் பகைவர் வீட்டு மரித்தோர்க்காகவும் ஒரு பத்து மணி சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கட்டும்.