என் உழைப்புக்கு யாருடைய எண்?

மொழிபெயர்ப்பு வேலைக்கு முதன்முதலாகப் பணம் வரவிருந்தபோது, தூத்துக்குடியில் ஒரு நிறுவனம் என் பான் எண்ணைக் கேட்டது. நான் தயங்கினேன். "சாரோட பான் நம்பர் இருந்தாலும் போதும் மேடம்" என்றார் கணக்கர். அனுப்பிவிட்டேன். இரவெல்லாம் கண்விழித்து நான் செய்த வேலை, வரிக் கணக்கில் என் கணவரின் சம்பாத்தியமாக ஏறியது. சட்டப்படியும் அது தவறென்று பிறகுதான் தெரிந்தது.

ஏன் தயங்கினேன்? பான் கார்டில் பிறந்த தேதி, அப்பா பெயர், புகைப்படம், கையெழுத்து எல்லாம் இருக்கின்றன. முகம் தெரியாத ஒருவரின் வாட்ஸப்புக்கு அவற்றை அனுப்பப் பயந்தேன். தன் விவரம் கைமாறினால் என்ன நடக்குமென்று அறிந்த எந்தப் பெண்ணும் அந்தப் பயத்தைக் கேலி செய்யமாட்டாள்.

அந்த எண்ணும் முழுக்க நம்முடையதல்ல. அதன் பத்து இலக்கங்களில் ஐந்தாவது, விண்ணப்பத்தில் குடும்பப் பெயராக எழுதியதன் முதல் எழுத்து. நமக்கேது குடும்பப் பெயர்? பலரும் இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதினோம். தாய் தனியாக வளர்த்த பிள்ளைகள் தந்தை பெயர் தராமலே பான் பெறலாம் என்ற திருத்தம் 2018 டிசம்பரில்தான் வந்தது.

அப்படியானால் மறைத்துக்கொள்வதுதான் விடுதலையா? எங்கள் கரையின் பழங்கதை வேறு சொல்கிறது. கொற்கையில் முத்துக் குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்கிறது, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய பெரிப்ளஸ் என்ற கிரேக்க நூல். முத்து பாண்டியன் பெயரில் கடல் கடந்தது. மூச்சடக்கி மூழ்கியவருக்குப் பெயரே இல்லை. கணக்கில் ஏறாத உழைப்பை யாரும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். வீட்டுக்குள் நம் உழைப்புக்கு நேர்ந்ததும் அதுதானே?

ஆகவே கேள்வி கொடுப்பதா மறைப்பதா என்பதல்ல. யாருக்கு, எதற்காக, எவ்வளவு என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே. வரி பிடித்தம் செய்ய வேண்டிய நிறுவனத்துக்கு எண் தேவை. தராவிட்டால் பொதுவாக 20 சதவீதம் பிடிப்பார்கள். அதற்கு எண்ணும் பெயரும் போதும். கார்டின் படத்தைக் கேட்டால், எதற்கென்று நாமும் கேட்கலாம். பிடித்த வரிக்குச் சான்றிதழும் கேட்கலாம். நம்மைப் பற்றி அவர்களுக்குத் தெரிவதும், அவர்களைப் பற்றி நமக்குத் தெரிவதும் சமமாக இருந்தால்தான் அதற்கு நம்பிக்கை என்று பெயர்.

அடுத்த பில்லில் என் எண்ணை நானே எழுதினேன். "சாரோடது இல்லையா மேடம்?" என்றார் கணக்கர்.

"வேலை செஞ்சது நான்தானே" என்றேன்.